ஏழு நாள் தண்ணீரில் தேறுவது எது? கசடு, சாம்பல், சுட்ட களிமண்

பாலம், மதகு, வடிகால், கடலோரச் சுவர் என்று எந்தப் பொதுப்பணியை எடுத்தாலும், கார்பன் குறைந்த கான்கிரீட் என்ற பேச்சு கடைசியில் மூன்று பொருட்களில் வந்து நிற்கும்: இரும்பு உலைக் கசடு, அனல்மின் நிலையச் சாம்பல், சுட்ட களிமண்ணும் சுண்ணாம்புக்கல்லும் கலந்த எல்சி3 சிமென்ட். எங்கள் ஓட்டு எல்சி3க்கு. கசடை விட முடியாத இடம் ஒன்று இருக்கிறது, அது பின்னால்.

அடிப்படை எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒரு டன் சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் கல்லுக்குள்ளிருந்தே 440 கிலோ கார்பன் டை ஆக்சைடு கிளம்பும். சூளையை 1450 டிகிரிக்கு ஏற்றும் எரிபொருள் கணக்கு தனி. ஆக, குறைக்க வேண்டியது கிளிங்கரை, அதாவது சூளையிலிருந்து வந்து சிமென்டாக அரைபடும் கட்டிகளை. கன மீட்டருக்கு 380 கிலோ பைண்டர் (சிமென்டும் அதற்குப் பதிலாகச் சேர்க்கும் தூளும்) போகும் ஒரு பாலத் தளக் கலவையை எடுத்துக்கொள்ளுங்கள். கிளிங்கர் கிலோவுக்கு 0.85 கிலோ கார்பன் டை ஆக்சைடு என்று வைத்தால், சாதாரண சிமென்டுக்கு ஏறக்குறைய 305 கிலோ வரும். 30 சதவீதச் சாம்பல் சேர்த்தால் 215, எல்சி3 என்றால் 190, பாதிக்குப் பாதி கசடு என்றால் 165.

காகிதத்தில் கசடுதான் முந்துகிறது. ஆனால் உலகில் கிடைக்கும் நல்ல கசடு ஏற்கெனவே ஏதோ ஒரு சிமென்டுக்குள் போய்க்கொண்டுதான் இருக்கிறது. உங்கள் பாலத்துக்கு இழுத்துக்கொண்டால் இன்னொருவர் கட்டடத்தில் அந்த அளவுக்குக் கிளிங்கர் ஏறும். மொத்தக் கணக்கில் பெரிதாக எதுவும் மாறாது. வரத்தும் சுருங்கி வருகிறது. பிரிட்டனில் கடைசி நிலக்கரி மின்நிலையமும், போர்ட் டால்பட் எஃகு ஆலையின் கடைசி ஊதுலையும் 2024 செப்டம்பர் 30 அன்று, ஒரே நாளில் நின்றன. நிலக்கரிச் சாம்பலுக்கும் போர்ட் டால்பட் கசடுக்கும் ஒரே தேதியில் கதவடைப்பு. எல்சி3க்கு வேண்டிய களிமண்ணில், சுட்டால் வினைபுரியும் கயோலினைட் என்ற தாது 40 சதவீதம் இருந்தால் போதும். பீங்கானுக்கு ஆகாது என்று குவாரியில் ஒதுக்கிய மண்ணே பல இடங்களில் அந்த அளவைத் தொடும்.

நான்காவதாக, சாதாரண சிமென்டுக்குப் பதில் சாம்பலையோ கசடையோ காரக் கரைசலால் இறுகவைக்கும் ஜியோபாலிமரும் உண்டு. ஆஸ்திரேலியாவில் வெல்கேம்ப் விமான நிலையத் தளத்துக்கு 2014இல் சுமார் 40,000 கன மீட்டர் போட்டார்கள், ஆக அது ஆய்வுக்கூடச் சரக்கு அல்ல. ஆனால் காரக் கரைசலைக் கையாளத் தெரிந்த ஆட்களும், அதற்கென்றே ஓர் ஆலையும் வேண்டும். பல ஒப்பந்ததாரர்கள் மாறி மாறி வரும் சிறு பணிகளுக்கு அது ஒத்துவராது.

இனி முடிவை மாற்றிய விஷயம்: க்யூரிங், அதாவது போட்ட கான்கிரீட்டை ஈரமாகவே வைத்திருப்பது. ஒப்பந்தத்தில் எத்தனை நாள் எழுதியிருந்தாலும், சைட்டில் தண்ணீர் ஏழு நாளைத் தாண்டுவது அபூர்வம். மதகின் பக்கச் சுவரைப் பாருங்கள். மறுநாளே சென்ட்ரிங் பிரிப்பார்கள், ஈரச் சாக்கைத் தொங்கவிடுவார்கள். காலையில் நனைந்த சாக்கு மதியத்துக்குள் மொறமொறவென்று காய்ந்துவிடும். முதலில் காய்வது சுவரின் வெளிப்புற 20, 30 மில்லிமீட்டர். கம்பியைக் காக்கும் கவர் என்பது அதுதான். அதே வண்டியிலிருந்து பலம் பார்க்க வார்த்த சோதனைக் கட்டி, அதாவது கியூப், மட்டும் 28 நாளும் தொட்டியில் சொகுசாக முங்கிக் கிடந்து பாஸாகிவிடும். கியூப் ரிப்போர்ட் சொல்வது கியூபைப் பற்றி மட்டுமே.

சாம்பலில் இருக்கும் கண்ணாடித் துகள் கரைய வாரக்கணக்கில் ஆகும். அதன் பலன் 56, 90 நாளில்தான் தெரியும், அதற்குள் கவர் காய்ந்து வினை நின்றுபோயிருக்கும். அப்புறம் உள்ளே இருக்கும் சாம்பல் வெறும் நிரப்பி. கசடு அதைவிட வேகம், ஆனாலும் சாதாரண சிமென்டுக்குப் பின்னால்தான் வரும், குளிர் நாட்களில் இன்னும் மந்தம். சுட்ட களிமண் முதல் சில நாட்களிலேயே வேலையைத் தொடங்கிவிடுகிறது. அதிலுள்ள அலுமினா சுண்ணாம்புக்கல்லோடு சேர்ந்து கார்போஅலுமினேட் படிகங்களாகித் துளைகளை அடைக்கிறது. களிமண் தரமாக இருந்தால், முதல் ஓரிரு நாள் பலத்தில் பின்தங்கினாலும் ஏழாம் நாளில் சாதாரண சிமென்டை எட்டிப்பிடித்துவிடும். துளைகள் சுருங்குவதும் அதற்குள் பெரும்பாலும் முடிந்துவிடும். தண்ணீரை நிறுத்தும் நாளில் எந்தக் கலவை எவ்வளவு தேறியிருக்கிறது என்பதுதான் உப்புக்காற்றடிக்கும் பாலத்தின் ஆயுள். இந்த ஒரு கேள்வியில் எல்சி3 மற்ற இரண்டையும் தாண்டிப் போகிறது.

இதற்குக் கொடுக்கும் விலை ஸ்லம்ப், அதாவது கலவையின் இளக்கம். சுட்ட களிமண் தகடு தகடாக, மேற்பரப்பு அதிகமுள்ள பொருள். தண்ணீரையும், கலவையை இளக்கச் சேர்க்கும் அட்மிக்சர் ரசாயனத்தையும் உறிஞ்சிக்கொள்ளும். ஆலையில் 150 மில்லிமீட்டர் ஸ்லம்ப் காட்டிய கலவை, போக்குவரத்து நெரிசலில் ஒரு மணி நேரம் நின்றால் பாதிக்கும் கீழே இறங்கிவிடக்கூடும். அப்போதுதான் டிரைவர் ஹோஸைத் திறப்பார். கன மீட்டருக்குப் பத்து லிட்டர், அதாவது ஆறு கன மீட்டர் வண்டியில் 60 லிட்டர் ஊற்றினால், நீர்-பைண்டர் விகிதம் 0.40லிருந்து 0.43ஐ நெருங்கிவிடும். மேலே சொன்ன ஏழு நாள் லாபத்தில் ஒரு பங்கு அங்கேயே ஒழுகிப்போகும்.

தடுக்க வழி இருக்கிறது. பழைய நாஃப்தலீன் வகை அட்மிக்சரை மறந்துவிட்டு, ஸ்லம்பைப் பிடித்துவைக்கும் பாலிகார்பாக்சிலேட் வகையை எடுங்கள். அளவு சாதாரண சிமென்டைவிடக் கூடத்தான் போகும். டிரயல் மிக்ஸில் 0, 30, 60, 90 நிமிடம் என்று நான்கு முறை ஸ்லம்ப் பாருங்கள், வெயில் நேரத்தில். மொத்த அட்மிக்சரில் மூன்றில் ஒரு பங்கை ஆலையில் போடாமல் வண்டியோடு அனுப்பி, சைட்டில் சேர்த்து, டிரம்மை முழு வேகத்தில் ஐந்து நிமிடமாவது சுற்றவிடுங்கள். வண்டியின் தண்ணீர்க் குழாய்க்குச் சீல் வைப்பது கொஞ்சம் முரட்டுத்தனம்தான், ஆனால் பலிக்கும்.

இன்னொன்று: எல்சி3 கலவையில் மேலே நீர் கசிந்து வருவது குறைவு. தளம் போட்டு மட்டம் பார்த்த கையோடு மேல்தோல் காயத் தொடங்கும், காற்றடித்தால் விரல் நீளத்துக்கு மெல்லிய வெடிப்பு ஓடும். ஃபினிஷிங் முடிந்த பகுதியை உடனுக்குடன் பிளாஸ்டிக் ஷீட்டால் மூடுங்கள், நீர்ப்புகை அடியுங்கள். முழுத் தளமும் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

களிமண்ணின் சூடும் முக்கியம். 700 முதல் 850 டிகிரிக்குள் சுட்டால் கயோலினைட் தண்ணீரை இழந்து வினைபுரியத் தயாராகும். குறைந்தால் பச்சையாகவே நிற்கும், 950ஐத் தாண்டினால் செத்துப்போகும். சுடுமுன் மண்ணை, சூடேற்றி எடை குறைவதை அளக்கும் வெப்ப எடைச் சோதனைக்கு அனுப்புங்கள். சுத்தக் கயோலினைட் சுமார் 14 சதவீத எடையை நீராக இழக்கும் என்பதால், 400 முதல் 600 டிகிரிக்குள் 5.6 சதவீதம் குறைந்தால் 40 சதவீதக் கயோலினைட் இருக்கிறது என்று அர்த்தம். சுட்ட பிறகு, 40 டிகிரியில் ஏழு நாள் வெப்ப வெளியீட்டைப் பார்க்கும் ஆர்3 சோதனை.

நிறத்தையும் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். இரும்புச்சத்துள்ள மண் சிவந்து, சுவர் இளஞ்சிவப்பாக வரும். ஆய்வுக்கு வருபவர் செங்கல் தூள் கலந்துவிட்டார்கள் என்று சந்தேகப்படுவார். (கசடுக் கான்கிரீட்டும் இதில் சளைத்ததல்ல. சென்ட்ரிங் பிரித்ததும் பச்சை கலந்த நீலம் தெரியும், காற்றுப் பட்டுச் சில நாளில் மங்கிவிடும்.)

கசடை விடக்கூடாத இடம் தடிமனான அஸ்திவாரம். ஒரு மீட்டருக்கு மேல் தடித்த பைல் கேப் (பைல்களின் தலையில் போடும் கட்டை), ராஃப்ட் (முழு அகல அடித்தளம்) போன்றவற்றில் பகை, கான்கிரீட் இறுகும்போது கிளம்பும் சூடு. உள்ளே 70 டிகிரியைத் தாண்டவிடக்கூடாது, நடுவுக்கும் ஓரத்துக்கும் 20 டிகிரிக்கு மேல் வித்தியாசம் வரக்கூடாது. சுட்ட களிமண் வேகமாக வினைபுரிவதால் எல்சி3 சூட்டை நினைத்த அளவு குறைக்காது. 65, 70 சதவீதக் கசடு நிதானமாக வினைபுரியும். மண்ணுக்குள் ஈரத்திலேயே கிடப்பதால் ஏழு நாள் பிரச்சினையும் அங்கே இல்லை. பலத்தை 28க்குப் பதில் 56ஆம் நாளில் பார்ப்பதாக ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள், இல்லையென்றால் பில் நிற்கும்.

எல்சி3யில் கையைக் கட்டிக்கொண்டு யோசிக்க வேண்டியது கார்பனேற்றம், அதாவது காற்றின் கார்பன் டை ஆக்சைடு உள்ளே புகுந்து, கம்பியைத் துருவிலிருந்து காக்கும் காரத்தைக் குறைப்பது. சுட்ட களிமண் சுண்ணத்தைத் தின்றுவிடுவதால், அதை எதிர்க்க மிச்சம் குறைவு. சாம்பலுக்கும் கசடுக்கும் இதே குறை உண்டுதான், ஆனால் அவற்றுக்குப் பல பத்தாண்டு அனுபவம் இருக்கிறது. எல்சி3யை இந்தியத் தரநிலை ஏற்றதே 2023இல், ஐரோப்பாவில் இத்தகைய கலவைக்கு இடம் கிடைத்தது 2021இல். ஐம்பது வயதான எல்சி3 பாலத்தை யாரும் பார்த்ததில்லை. அதனால் மழை படாத, ஆனால் காற்றில் ஈரமுள்ள பகுதிகளில், அதாவது பாலத்தின் அடிப்பரப்பிலும் சுரங்கப்பாதை உட்சுவரிலும், கவரை 5 முதல் 10 மில்லிமீட்டர் கூட்டி, நீர்-பைண்டர் விகிதத்தை 0.40க்குள் பிடிக்கிறோம். பக்கத்திலேயே அதே கலவையில் கம்பியில்லாத ஒரு துண்டை வார்த்து நிறுத்திவையுங்கள். சில ஆண்டுக்கு ஒருமுறை அதில் ஒரு சில்லைப் பெயர்த்து காரம் பட்டால் நிறம் மாறும் ஃபீனால்ஃப்தலீன் கரைசலைத் தெளித்தால், நிறம் ஏறாத ஓரம், அதாவது கார்பனேற்றம் எட்டிய ஆழம், எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்துகொள்ளலாம்.