கோலமாவில் ஒரு குறும்படம்: மயிலாப்பூர் அனிமேஷன் பயிலரங்கு

மனச்சோர்விலிருந்து மீண்டுவருவோரும் அவர்களுடைய குடும்பத்தாரும் ஓவியர்களோடு சேர்ந்து மனநலம் பற்றி ஒரு நிமிட அனிமேஷன் படம் உருவாக்கும் பயிலரங்கு, மயிலாப்பூரில் ஒரு மாடியறையில் நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் நடைபெற்றது.

நொடிக்கு 12 படங்கள் என்ற கணக்கில் ஒரு நிமிடத்துக்கு 720 படங்கள் தேவை. கறுப்பு அட்டையில் கோலமாவைப் பரப்பி, விரலால் சிறிது சிறிதாக நகர்த்தி, மேலே பொருத்திய கைப்பேசியில் ஒவ்வொரு நிலையையும் பதிவுசெய்தோம். மின்விசிறியைப் போட்டால் மாவு பறந்துவிடும் என்பதால், மே மாதப் புழுக்கத்தில் அட்டையின்மீது வியர்வை சொட்டாமல் குனிந்து நிற்பதே பெரும்பாடாக இருந்தது. தூக்கம் வராத இரவைக் காட்ட, என் அருகிலிருந்த அம்மாள் சிக்குக் கோலத்தின் இழையைப் புள்ளிகளைச் சுற்றி ஓடவிட்டு, கடைசிவரை அதை மூடாமலே விட்டுவிட்டார். மருத்துவரிடம் சொல்ல வராதது இதுதான் என்றார், சிரித்தபடி.

மனநலக் காப்பகம் 1794இலேயே தொடங்கப்பட்ட நகரம் இது. ஆயினும் மனநல மருத்துவமனை இருக்கும் கீழ்ப்பாக்கம் என்ற ஊர்ப்பெயரையே நாம் கேலிச்சொல்லாக்கி வைத்திருக்கிறோம். அந்தக் கேலியையே முதல் காட்சியாக வைத்தது துணிச்சலான தேர்வு.

ஒலிப்பதிவு மோசம்; ஆட்டோ ஹாரன் பாதி வசனத்தை விழுங்கிவிட்டது. அதைவிட உறுத்தியது வேறொன்று: படத்தின் இறுதியில் பெயர் போடச் சம்மதமா என்று திரையிடலுக்கு முந்தைய இரவுதான் கேட்டார்கள். முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

கட்டணம் 1,500 ரூபாய், காபி உட்பட. அடுத்த அணியிலும் சேர்வேன், கூடுதலாக இரண்டு கைக்குட்டைகளோடு.