புயலுக்கப்புறம் கொடைக்கானல் மலைச்சரிவுல இருக்கற வெள்ளகவி ஊருக்கு மேலேருந்து இறங்கறதா, கீழேருந்து ஏறறதா?

2018 நவம்பர் 16 கஜா புயல் வேதாரண்யத்துல கரையேறி கொடைக்கானல் வரைக்கும் மரத்தை சாய்ச்சுட்டுப் போச்சு. அந்த மாதிரி புயலுக்கப்புறம் கொடைக்கானல் பக்கத்துல இருக்கற வட்டக்கானல்லேருந்து டால்பின் நோஸ் பாறை வழியா இறங்குனா மூச்சு வாங்காது, ஆனா வேரும் ஈர மண்ணும் செமயா வழுக்கும், விழுந்த மரத்தை சுத்திப் போறேன்னு பாதையை விட்டு விலகினா சரிவுல மாட்டிக்குவீங்க, திரும்ப ஏறவும் தெம்பு வேணும்.

கீழ பெரியகுளம் பக்கத்துல கும்பக்கரைலேருந்து ஏறுனா தொடை கழண்டுரும், ஆனா வழி சரியில்லனா அப்படியே இறங்கிரலாம், அதனால எனக்கு இதுதான். மலை ரோடு வர்றதுக்கு முன்னாடி கொடைக்கு ஏறின பழைய பாதைகள்ல இதுவும் ஒண்ணு. மழை கொட்டுனா ரெண்டுமே வேணாம்.

வனத்துறைகிட்ட கேட்டுட்டு வெள்ளகவிக்காரங்க ஒருத்தரை கூட்டிட்டுப் போங்க, ரொம்ப காலமா ரோடே இல்லாம இருந்த ஊரு, எந்த மரம் எங்க கிடக்குன்னு அவங்களுக்குத்தான் தெரியும், ஊருக்குள்ள மறக்காம செருப்பைக் கழட்டிருங்க.