ஸ்மோக்கியா, ஹாலந்து கூட்டணியா, மேஃபீல்டா: பாட்டு யார் கையில் இருந்தது?

ஒரு பாட்டு ஓடினால் அதை எழுதியவருக்கு என்ன கிடைக்கும்? அமெரிக்காவில் 1909-ஆம் ஆண்டுச் சட்டம், விற்கும் ஒவ்வொரு பிரதிக்கும் பாட்டுக்கு 2 சென்ட் என்று வைத்தது. 1977 முடியும்வரை அந்த 2 சென்ட் ஏறவே இல்லை. வழக்கமாக அதில் பாதி எழுதியவருக்கு, மீதி பாதி பாட்டின் உரிமையை வைத்திருக்கும் பதிப்பு நிறுவனத்துக்கு. பத்து லட்சம் இசைத்தட்டு விற்றால் எழுதியவருக்கு 10,000 டாலர். மூன்று பேர் சேர்ந்து எழுதியிருந்தால் ஆளுக்கு 3,333. 1960களில் அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர்கள் வளர்த்த சோல் இசையின் பாடலாசிரியர்களான ஸ்மோக்கி ராபின்சன், ஹாலந்து கூட்டணி, கர்டிஸ் மேஃபீல்ட் ஆகியோரை ஒப்பிடும்போது யார் பெரிய கவிஞர் என்பதிலேயே பேச்சு நின்றுவிடுகிறது. எனக்கு இந்த 2 சென்ட் கணக்கும் அதே அளவு முக்கியம்.

முதலில் டெட்ராய்ட்டின் ஸ்மோக்கி ராபின்சன். 1957-இல் பெர்ரி கோர்டியைச் சந்தித்தபோது அவருக்கு வயது 17, கையில் நோட்டு நிறையப் பாட்டுகள். கோர்டியும் பாட்டு எழுதுகிறவர்தான். நோட்டைப் புரட்டிவிட்டு, ஒரு பாட்டு முழுக்க ஒரே கதையைச் சொல்ல வேண்டும் என்று பையனுக்குப் பாடம் எடுத்தார். 1959-இல் குடும்பத்தாரிடம் 800 டாலர் கடன் வாங்கி கோர்டி தொடங்கிய இசைத்தட்டு நிறுவனமே மோட்டவுன். அதன் முதல் பத்து லட்சம் விற்பனை, ஸ்மோக்கியின் 'ஷாப் அரவுண்ட்'. பிறகு அவர் அங்கே துணைத் தலைவராகவும் ஆனார்.

நிறுவனத்துக்குள் இருப்பதில் ஒரு பாடலாசிரியருக்கு என்ன லாபம் என்று கேட்டால் 'மை கேர்ள்' பாட்டைப் போட்டுக் காட்டுவேன். டெம்ப்டேஷன்ஸ் குழுவில் அதுவரை பின்வரிசையில் நின்ற டேவிட் ரஃபினின் குரலை மனதில் வைத்து, ரொனால்ட் ஒயிட்டுடன் சேர்ந்து ஸ்மோக்கி எழுதியது. ஜேம்ஸ் ஜேமர்சனின் பேஸ் கிட்டார் நாடித்துடிப்பு போலத் தொடங்குகிறது. அதன் மேல் ராபர்ட் ஒயிட்டின் கிட்டார் ஆறு சுரம் ஏறுகிறது: ச ரி க ப த ச. நம் காதுக்கு அப்பட்டமான மோகன ஆரோகணம். அந்த ஆறு சுரம் இல்லாமல் அந்தப் பாட்டை நினைத்துப் பார்க்கவே முடியாது. வெறும் நோட்டும் பேனாவும் வைத்திருந்தவருக்கு அப்படிப்பட்ட வாத்தியக்காரர்கள் கைக்கெட்டும் தூரத்தில் கிடைத்தது மோட்டவுன் கொடுத்த வரம். இன்னொன்று: 1966 கிறிஸ்துமஸ் விருந்துக்கு ஸ்டீவி வொண்டர் வார்த்தை இல்லாத ஒரு மெட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். அதில் ஸ்மோக்கிக்கு சர்க்கஸ் கேட்டது. சிரித்துக்கொண்டே அழும் கோமாளியை உள்ளே வைத்தார். ஆல்பத்துக்குள் கிடந்த அந்த 'டியர்ஸ் ஆஃப் எ க்ளவுன்' பாட்டு 1970-இல் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் முதலிடம் பிடித்தது.

எளிய சொல்லில் உவமையைச் சுழற்றும் வித்தையில் அந்தக் காலத்து சோல் உலகில் அவருக்கு இணை கிடையாது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் மோட்டவுனில் எழுதிய பாட்டுகள் போய்ச் சேர்ந்த இடம் ஜோபெட். கோர்டி தன் பிள்ளைகளின் பெயர்களைச் சேர்த்துப் பெயரிட்ட பதிப்பு நிறுவனம். 1988-இல் இசைத்தட்டு நிறுவனத்தை கோர்டி 6 கோடியே 10 லட்சம் டாலருக்கு விற்றார், ஜோபெட்டை மட்டும் விடவில்லை. 1997-இல் அதில் பாதியை மட்டும் விற்றதற்கு 13 கோடியே 20 லட்சம் வந்தது. அத்தனை பாடகர்களின் ஒலிப்பதிவுகளும் சேர்ந்து போன விலையைவிட, எழுதப்பட்ட பாட்டின் பாதி உரிமைக்கு இரண்டு மடங்குக்கும் மேல்.

இந்தச் சூட்டை முதலில் உணர்ந்தவர்கள் மோட்டவுனில் கூட்டாக எழுதிய ஹாலந்து சகோதரர்களும் லமாண்ட் டோசியரும். மோட்டவுனின் சுப்ரீம்ஸ் குழு முதலிடம் பிடித்த 12 பாட்டுகளில் 10 இந்த மூவருடையவை. பங்கு கேட்டார்கள், கிடைக்கவில்லை, வெளியேறினார்கள், வழக்கு வந்தது. சொந்த நிறுவனம் தொடங்கியும் சொந்தப் பெயரைப் போட்டுக்கொள்ள முடியாத நிலை. 1970-இல் ஃப்ரீடா பெய்ன் பாடிய 'பேண்ட் ஆஃப் கோல்ட்' தட்டை எடுத்துப் பார்த்தால் 'ஈடித் வெய்ன்' என்று இருக்கும். அப்படி ஒருவர் இல்லை. மூவரும் மறைந்துகொண்ட பெயர் அது. தான் எழுதிய பாட்டில் தன் பெயர் இல்லாமல் போவதைவிடக் கொடுமை ஒரு பாடலாசிரியருக்கு இருக்க முடியுமா?

கர்டிஸ் மேஃபீல்ட் இந்த இரண்டு வழியிலும் போகவில்லை. சிகாகோவில் வறுமையில் வளர்ந்தவர், கிட்டாரைத் தானே கற்றுக்கொண்டவர். வீட்டுப் பியானோவின் கறுப்புக் கட்டைகளுக்கு ஏற்றபடி கம்பிகளைச் சுருதி கூட்டினார். கறுப்புக் கட்டைகளை வரிசையாக அழுத்திப் பாருங்கள், அங்கேயும் மோகனம்தான். அவர் கிட்டாரை வேறொருவர் வாங்கி வாசித்தால் விரல் தடுமாறும். இம்ப்ரெஷன்ஸ் குழுவில் பாடிக்கொண்டே, 1960களின் தொடக்கத்திலேயே தன் பாட்டுகளுக்குச் சொந்தப் பதிப்பு நிறுவனம் வைத்துக்கொண்டார். அதாவது 2 சென்ட்டில் இரண்டு பாதியும் அவர் பக்கம். அன்று ஒரு கறுப்பின இளைஞர் அப்படி யோசித்தது எவ்வளவு பெரிய துணிச்சல்! 1968-இல் எடி தாமஸுடன் கர்டம் இசைத்தட்டு நிறுவனம். கர்டிஸின் 'கர்', தாமஸின் 'டம்'.

பணத்தோடு இன்னொன்றும் கிடைத்தது. 'கீப் ஆன் புஷிங்', 'பீப்பிள் கெட் ரெடி' எல்லாம் கறுப்பின மக்களின் சம உரிமைப் போராட்டத்தின் பாட்டுகளாயின. மோட்டவுனில் 1970-இல் மார்வின் கே 'வாட்ஸ் கோயிங் ஆன்' கொண்டுவந்தபோது கோர்டி வெளியிடத் தயங்கினார். கர்டிஸுக்கு அப்படித் தயங்க ஒரு முதலாளி இல்லை. 1972-இல் 'சூப்பர் ஃப்ளை' படத்துக்கு எழுதியபோது, திரை மினுக்கிக் காட்டிய போதை வியாபாரத்தை அவர் பாட்டு கண்டித்தது. ஆல்பம் முதலிடத்துக்குப் போனது. 1965-இல் பாப் மார்லி இருந்த வெயிலர்ஸ் குழுவின் 'ஒன் லவ்'வில் அவர் வரிகள் பெயரின்றி நுழைந்திருந்தன. 1977-இல் பாப் மார்லி மறுபடி பதிவு செய்தபோது தலைப்பிலேயே 'பீப்பிள் கெட் ரெடி' சேர்ந்தது, மேஃபீல்ட் பெயரும் சேர்ந்தது.

இந்த வழியில் சுமையும் அதிகம். எழுதுவது, பாடுவது, தயாரிப்பது, கணக்குப் பார்ப்பது எல்லாம் ஒரே ஆள். எழுபதுகளின் பிற்பகுதியில் அவர் பாட்டுகளில் அந்தக் களைப்பு கேட்கிறது. கர்டமும் 1980 வாக்கில் முடிந்தது. பாட்டு வரிக்கு வரி வைத்துப் பார்த்தால் ஸ்மோக்கியின் எழுத்துதான் நேர்த்தி. ஆனாலும் எழுத வரும் இளைஞர் யாரும் என்னைக் கேட்டால், மேஃபீல்டின் வழியைத்தான் காட்டுவேன்.

1990 ஆகஸ்ட் 13, புரூக்ளினில் திறந்தவெளி மேடை. காற்றில் விளக்குச் சட்டம் சரிந்து மேஃபீல்ட் மேல் விழுந்தது. கழுத்துக்குக் கீழே உடல் செயலிழந்தது. கிட்டார் போயிற்று. 1996-இல் வந்த 'நியூ வேர்ல்ட் ஆர்டர்' ஆல்பத்தை மல்லாந்து படுத்தபடியே, மூச்சு தாங்கும் அளவுக்கு ஒவ்வொரு வரியாகப் பாடிப் பதிந்தார். ஹெட்ஃபோன் மாட்டி மெதுவாகக் கேளுங்கள். ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில், அடுத்ததைப் பாட அவர் காத்திருந்த நேரம் எனக்குக் கேட்கிறது.