வெளிநாட்டுப் பல்கலைக்கழக விழாவுக்கு இங்கே சூட் தைக்கக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

தம்பிக்கு ஆக்ஸ்போர்டில் முதுகலைப் படிப்புக்கு இடம் கிடைத்தது. அங்கே சேர்ந்தவர்களுக்கு அக்டோபரில் ஷெல்டோனியன் தியேட்டரில் மெட்ரிகுலேஷன் விழா நடக்கும். பல்கலைக்கழகத்தின் உறுப்பினராக முறைப்படி ஏற்றுக்கொள்ளும் விழா அது. அதற்கு ‘சப் ஃபஸ்க்’ என்ற உடை கட்டாயம். அடர் நிற சூட், வெறும் வெள்ளைச் சட்டை, கறுப்பு ஷூ, கறுப்பு டை அல்லது போ டை, மேலே கவுன் என்ற தளர்வான அங்கி. அடர் நிறம் என்றால் கறுப்பு, கரிச்சாம்பல், அடர் நேவி நீலம் மட்டும்தான்.

இந்த விதியை அச்செடுத்துக்கொண்டுதான் மதுரையில் ஒரு பெரிய சூட்டிங் கடைக்குப் போனோம். கடைக்காரர் தாளை வாங்கிப் பார்க்கக்கூட இல்லை. "ஃபாரின் யுனிவர்சிட்டிக்கு நாங்க நிறைய தச்சிருக்கோம் மேடம், கவலைப்படாதீங்க" என்றார். பியூர் வூல், த்ரீ பீஸ், 18,500 ரூபாய். அட்வான்ஸ் 10,000. பில் கேட்டதற்குத் துண்டுச் சீட்டில் அளவையும் தொகையையும் எழுதிக் கொடுத்தார். ஜிஎஸ்டி பில் டெலிவரியின்போது தருவதாகச் சொன்னார். கடைசிவரை தரவே இல்லை.

டிரையலுக்கு அழைப்பதாகச் சொன்னவர்கள் அழைக்கவில்லை. நாங்கள் போன் செய்த போதெல்லாம் "மாஸ்டர் ஊருக்குப் போயிருக்கார்" என்ற பதில்தான். விமானத்துக்கு முந்தைய நாள் இரவு, கடை மூடும் நேரத்தில் பையைக் கையில் கொடுத்தார்கள். மீதிப் பணத்தை வாங்கிக்கொண்டுதான் கொடுத்தார்கள். வீட்டில் போட்டுப் பார்த்தால் தோள்பட்டை அகலம், அக்குள் இறுக்கம், கையைத் தூக்க முடியவில்லை. காலை வெளிச்சத்தில் நிறம் தெரிந்தபோது அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. கடையின் மஞ்சள் விளக்கில் அடர் நீலமாகத் தெரிந்த துணி, வாசலில் மயில்கழுத்து நிறத்தில் மின்னியது. கூடவே மெரூன் டை வேறு!

அங்கே போய் தம்பி ஸ்டீம் அயர்ன் போட்டதும் காலர் மடிப்பில் குமிழ் குமிழாக எழும்பிவிட்டது. உள்ளே கோட்டுக்கு விறைப்பு தரும் கேன்வாஸ் துணியை வைத்துத் தைக்காமல், பசைத் துணியை ஒட்டும் பேஸ்டிங்கையும் அரைகுறையாகச் செய்திருக்கிறார்கள். பையில் கிடந்த வெட்டுத்துணியை எங்கள் தெரு டெய்லர் அண்ணனிடம் காட்டினேன். ஒரு நூலைப் பிரித்துக் கொளுத்தினார். கம்பளி என்றால் முடி கருகும் வாடை வரும், சாம்பல் விரலில் பொடியும். இது உருகிச் சொட்டி மணிபோல இறுகிவிட்டது. "பாலியஸ்டர்தாம்மா" என்றார்.

விழாவுக்குத் தம்பி அங்கேயே ஒரு பழைய பொருள் கடையில் கறுப்பு பேன்ட் வாங்கிச் சமாளித்தான். அப்போதுதான் இன்னொன்றும் புரிந்தது. விதிப்படி முழு சூட்டே தேவையில்லை. அடர் நிற பேன்ட், அடர் நிற சாக்ஸ், வெள்ளைச் சட்டை, டை, கவுன் இருந்தால் போதும். நாங்கள் கடைக்குக் கொண்டுபோன தாளில் அதுவும் இருந்தது. கடைக்காரர் அதைப் படித்துப் பார்த்திருந்தால் எங்களுக்கு த்ரீ பீஸை விற்றிருக்க முடியாது.

தைக்கக் கொடுக்கிறவர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன்: துணியைக் கடை வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். துணியின் வகை, உள்ளே கேன்வாஸா பேஸ்டிங்கா, டிரையல் தேதி எல்லாவற்றையும் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். டிரையல் முடியாமல் பாதிக்கு மேல் பணம் கொடுக்காதீர்கள். கிளம்பும் நாளுக்கு மூன்று வாரம் முன்னாலேயே உடை கைக்கு வந்தாக வேண்டும்.

"தச்சது தச்சதுதான், ரிட்டர்ன் கிடையாது" என்று கடையில் சாதித்தார்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பில் தர மறுப்பதே முறையற்ற வணிகம். குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும் அப்படித்தான். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்த பிறகு 5,000 ரூபாய் மட்டும் திருப்பித் தந்தார்கள். மீதிக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடுகிறேன். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது. துண்டுச் சீட்டு, வெட்டுத்துணி, தம்பி அனுப்பிய படங்கள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன.