ஷிட்சுவுக்கு நீள முடியா, குட்டை வெட்டா?

எங்கள் வீட்டு ஷிட்சு இன நாய் பஞ்சுவுக்கு இப்போது நான்கு வயது. முதல் இரண்டு வருடம் முடியை நீளமாக வளர்த்தோம். அப்புறம் இன்றுவரை குட்டையாகத்தான் வெட்டி வைத்திருக்கிறோம். சென்னையில், எல்லாரும் வேலைக்கும் பள்ளிக்கும் கிளம்பிப் போகிற வீட்டில், குட்டை வெட்டுதான் நாய்க்கு நிம்மதி என்பேன்.

நீள முடி கொள்ளை அழகு. உச்சியில் குடுமி போட்டு, தரையைத் தொடும் முடியோடு அது நடந்து வந்தால் தெருவே நின்று பார்க்கும். குட்டை வெட்டில் குளிப்பாட்டுவது சுலபம், சீக்கிரம் காயும். இதெல்லாம் தெரிந்த விஷயம்தான்.

எங்களுக்கு எல்லாவற்றையும் தீர்மானித்தது சிக்கு. ஷிட்சுவின் முடி நம் தலைமுடி போல வளர்ந்துகொண்டே இருக்கும். உதிர்கிற முடியும் கீழே விழாமல் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். காதுக்குப் பின்னால், முன்னங்கால் அக்குளில், கழுத்துப் பட்டை உராயும் இடத்தில் முதலில் சிக்கு விழும். ஒரு வயதையொட்டிக் குட்டிப் பருவத்து முடி மாறும்போது இன்னும் மோசம். மேலாக பிரஷ் ஓட்டினால் பட்டு மாதிரி இருக்கும். விரலை உள்ளே விட்டால் தோலோடு ஒட்டிக் கம்பளித் துணி போலக் கிடக்கும். அதனால் தோல் தெரிகிற வரை வகிடு எடுத்து, அடுக்கடுக்காக பிரஷ் செய்து, பிறகு ஸ்டீல் சீப்பு போட வேண்டும். வேரிலிருந்து நுனி வரை சீப்பு எங்கேயும் தட்டாமல் ஓடினால்தான் வேலை முடிந்தது. எங்களுக்கு இதற்கு தினமும் அரை மணி நேரம் ஆகும்.

ஒரு ஐப்பசி மழையில் அந்த அரை மணி நேரம் நான்கு நாள் தவறிப்போனது. நனைந்து வந்ததைத் துண்டால் பரபரவென்று தேய்த்துவிட்டேன். ஒற்றித்தான் எடுத்திருக்க வேண்டும். சிக்கெடுக்காமலே குளிப்பாட்டவும் செய்தேன். நனைந்து காய்ந்த சிக்கு கயிறு முறுக்கினது போல இறுகிவிடும். அக்குளில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு முடிச்சு. கத்தரிக்கோலை வைத்தேன். தோலும் அந்த முடிச்சுக்குள் இழுபட்டு வந்திருந்தது எனக்குத் தெரியவில்லை. ஒரு சின்ன வெட்டு, ரத்தம். பஞ்சு கத்தக்கூட இல்லை, கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. டாக்டர் உடம்பு முழுக்க வழித்துவிட்ட பிறகு பார்த்தால், சிக்கு இருந்த இடமெல்லாம் தோல் சிவந்து ஈரம் கசிந்துகொண்டிருந்தது. இத்தனை நாளும் அந்த வலியோடுதான் வாலாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்திருக்கிறது. நீள முடி வேண்டாம் என்று அன்றைக்கே முடிவெடுத்தோம்.

இப்போது ஆறு வாரத்துக்கு ஒருமுறை ட்ரிம்மரால் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக விட்டு நாங்களே வெட்டுகிறோம். அதைவிடக் குறைத்தால் வெயில் நேரே தோலில் படும். ட்ரிம்மர் பிளேடு சீக்கிரம் சூடாகும். அவ்வப்போது மணிக்கட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். பாதத்து மெத்தைகளுக்கு நடுவே வளரும் முடியையும் எடுத்துவிட்டால் டைல்ஸ் தரையில் வழுக்காது. இன்னொரு பெரிய லாபம், உண்ணி கண்ணில் பட்டுவிடுகிறது. காது மடலிலும் விரலிடுக்கிலும் தினம் தடவிப் பார்க்க இரண்டு நிமிடம் போதும். உண்ணி கடித்து வரும் எர்லிக்கியா காய்ச்சலில் ரத்தத் தட்டணுக்கள் குறைந்து நாய் துவண்டுபோகும் என்பதால், எனக்கு இது சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

ஆனால் முடியை வெட்டிவிட்டோம், இனி வெயில் ஒன்றும் செய்யாது என்று நினைக்காதீர்கள். ஷிட்சுவுக்குச் சப்பை மூக்கு. மூச்சிரைத்து உடம்புச் சூட்டை இறக்குவது அதற்குக் கஷ்டம். கத்திரி வெயிலில் விடிகாலையும் இரவும் மட்டுமே வெளியே கூட்டிப் போகிறோம். அப்புறம், நான் வளர்த்தது இந்த ஒரே நாய்தான். நாம் பொமரேனியன் என்று சொல்கிற ஸ்பிட்ஸுக்கு இதே யோசனையைச் சொல்ல மாட்டேன்; அதற்கு இரட்டை அடுக்கு முடி, ஒட்ட வெட்டினால் சிலசமயம் சரியாகத் திரும்ப வளராது. பகல் முழுக்க ஆள் இருந்து, சீவிவிடும் பொறுமையும் உள்ள வீட்டில் ஷிட்சுவின் நீள முடியும் நன்றாகவே இருக்கும்.

மகளுக்கு மட்டும் குடுமி போனதில் வருத்தம். அவளுக்காக வாலையும் காது நுனியையும் நீளமாகவே விட்டிருக்கிறோம். பள்ளி விட்டு வந்ததும் அதை அவளே ஐந்து நிமிடத்தில் சீவிவிடுகிறாள். சீப்பைக் கையில் எடுத்தாலே பஞ்சு வந்து அவள் மடியில் ஏறிக்கொள்கிறது.