கச்சத்தீவு அந்தோணியார் கோயில் திருவிழா: போகலாமா, வேண்டாமா?

கச்சத்தீவு என்றாலே நம்மூரில் எல்லாருக்கும், தீவை இலங்கைக்குக் கொடுத்த 1974 ஒப்பந்தம்தான் ஞாபகத்துக்கு வரும். தேர்தல் வந்தால் மீட்டே தீருவோம் என்பார்கள், முடிவு வந்ததும் அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். அந்தத் தீவில் ஒரு கோயில் இருக்கிறது, ஆளே குடியில்லாத இடத்தில் அதற்கு யார் வெள்ளையடிக்கிறார்கள், யார் கதவைப் பூட்டித் திறக்கிறார்கள் என்று கேட்டவர்கள் ரொம்பக் குறைவு. இங்கே நான் எழுதுவது அந்தக் கோயிலையும் அங்கே போய்வரும் ஏற்பாட்டையும் பற்றி மட்டும். அரசியல் இல்லாமல் முழுசாக எழுத முடியாது என்பதும் உண்மைதான், பார்ப்போம்.

முதலில் இடம். சுமார் 285 ஏக்கர், முள்ளும் புதருமாகக் கிடக்கும் ஒரு துண்டு நிலம். குடிதண்ணீர் கிடையாது, கடை கிடையாது, வீடு கிடையாது. ஆண்டு முழுக்க அங்கே இருப்பவர்கள் என்றால் இலங்கைக் கடற்படைக்காரர்கள்தான். பிப்ரவரி அல்லது மார்ச்சில், தவக்காலத்தை ஒட்டி, இரண்டு நாள் மட்டும் தீவு ஊராக மாறுகிறது. வெள்ளிக்கிழமை மாலை கொடியேற்றம், சிலுவைப் பாதை (இயேசு சிலுவை சுமந்த வழியை நிலை நிலையாக நினைத்துச் செய்யும் ஜெபம்), இரவில் தேர்ப்பவனி. சனிக்கிழமை காலையில் யாழ்ப்பாண ஆயர் தரப்பில் திருப்பலி, கொடியிறக்கம், அவ்வளவுதான், மதியத்துக்கு முன்பே படகு ஏறச் சொல்லிவிடுவார்கள்.

புனித அந்தோணியாருக்குத் திருச்சபை நாட்காட்டியில் திருநாள் ஜூன் 13. அப்புறம் ஏன் இங்கே பிப்ரவரி, மார்ச்சில்? கடல்காரர் யாரிடமாவது கேளுங்கள், ஜூனில் தென்மேற்குக் காற்று அடிக்கும்போது குடும்பத்தோடு அந்தக் கடலைத் தாண்டுவாயா என்று நம்மையே திருப்பிக் கேட்பார். போதாக்குறைக்கு நம் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், அந்தச் சமயத்தில் விசைப்படகுகள் கரையில்தான் கிடக்கும். இந்தத் திருவிழாவை அலை ஓய்ந்திருக்கும் மாதத்தில் வைத்தவர்கள் கடல் தெரிந்தவர்கள் என்றுதான் எனக்குப் படுகிறது.

வரலாறு என்று எடுத்தால், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தொண்டிப் பக்கத்து நம்புதாளையைச் சேர்ந்த சீனிக்குப்பன் படையாச்சி என்ற மீனவர் கட்டியது என்றுதான் ராமநாதபுரம் கரையில் சொல்வார்கள். தங்கச்சிமடத்திலிருந்து குருவானவர் போய் பூசை வைத்ததாகவும் சொல்வார்கள். தீவு அப்போது ராமநாதபுரம் ஜமீனைச் சேர்ந்தது என்பது நம் தரப்பு வாதம், அதற்கு இலங்கைத் தரப்பிடமும் பதில் உண்டு. அந்தச் சண்டையெல்லாம் இல்லாத காலத்தில் வலை காயப்போட, இளைப்பாற, புயலுக்கு ஒதுங்க என்று போனவர்கள் அந்தோணியாருக்கு ஒரு மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்திருக்கிறார்கள், கோயிலும் அப்படியே நிலைத்துவிட்டது.

1974 ஒப்பந்தத்தில் தீவு இலங்கைக்குப் போனது எல்லாருக்கும் தெரியும். அதன் 5ஆவது பிரிவில் இந்திய மீனவர்களும் யாத்ரீகர்களும் முன்போலவே வந்துபோகலாம், இலங்கை விசாவோ பயண ஆவணமோ கேட்காது என்று எழுதியிருப்பது பலருக்குத் தெரியாது. நான் ஆதாரை மட்டும் கையில் வைத்துக்கொண்டு இன்னொரு நாட்டு மண்ணில் கால் வைத்தது அந்த ஒரு பிரிவின் புண்ணியம். அது எழுத்தில் இருந்தும் 1983இல் போர் தொடங்கியதும் எல்லாம் நின்றுபோனது. போர் முடிந்து, 2010 முதல்தான் இரண்டு கரைக்காரர்களும் மறுபடி பெரிய அளவில் கூட ஆரம்பித்தார்கள். கொரோனா ஒரு பக்கம், மீனவர் கைது ஒரு பக்கம் என்று இடையில் தடங்கல்கள் வேறு. 2024இல் இலங்கையில் சிறைப்பட்ட மீனவர்களுக்காக ராமேஸ்வரம் படகுகள் திருவிழாவையே புறக்கணித்தன. ஆகவே போக நினைப்பவர்கள் பெட்டியைக் கட்டி வைத்தாலும், படகு கிளம்பும்வரை எதையும் உறுதி என்று நினைக்க வேண்டாம்.

சரி, போய்வரும் ஏற்பாடு. ராமேஸ்வரத்தில் வேர்க்கோடு சூசையப்பர் கோயில் பங்குத்தந்தை தரப்பில்தான் பதிவு நடக்கும். படகுக்காரர்கள் மூலம் விண்ணப்பம் போகும், அடையாள அட்டை நகல், போட்டோ, வெளியூர்க்காரர் என்றால் காவல்துறைச் சான்று, அரசு வேலையில் இருந்தால் துறையிலிருந்து தடையில்லாச் சான்று. துறைமுகத்தில் பையைப் பிரித்துப் பார்ப்பார்கள். மது, பீடி, சிகரெட் கூடவே கூடாது. கடலில் நம் கடலோரக் காவல் படை, எல்லை தாண்டினால் அவர்கள் கடற்படை. இதில் எதையும் குறை சொல்ல மாட்டேன், இரண்டு நாட்டு எல்லையில் இதைவிட எளிதாக நடக்காது.

குறை சொல்ல வேண்டியது படகைப் பற்றி. நான் ஏறிய விசைப்படகில் (பெயர் வேண்டாம்) லைஃப் ஜாக்கெட் எல்லாருக்கும் கொடுத்தார்கள், பரிசோதனைப் புள்ளியைத் தாண்டியதும் பாதிப் பேர் கழற்றித் தலைக்கு வைத்துப் படுத்துவிட்டார்கள், ஓட்டுநரும் ஒன்றும் சொல்லவில்லை. ஐஸ் பெட்டி மூடிமேல்தான் உட்காரணும். மேலே கட்டிய தார்ப்பாயில் ஒரு முனை அவிழ்ந்து பாதி வழியெல்லாம் என் காதோரம் படபடவென்று அடித்தது. டீசல் புகையும் மீன் வாடையும் சேர்ந்து, முதல் முறை கடல் ஏறுபவர்களுக்கு வயிற்றைப் பிரட்டும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். கர்ப்பிணிகள், முதுகு வலிக்காரர்கள் தயவுசெய்து வேண்டாம். மீன் பிடிக்கிற படகு, நம்மை ஏற்றுவது அதன் வேலை இல்லை, இருந்தாலும் வாங்கிய காசுக்கு அந்தக் கயிற்றையாவது கட்டியிருக்கலாம்.

இப்போது கோயில். பழைய சிற்றாலயம் ரொம்பச் சின்னது, அதனருகில் இலங்கைக் கடற்படை கட்டிக்கொடுத்த புதிய ஆலயம் 2016 டிசம்பர் 23 அன்று மந்திரித்துத் திறக்கப்பட்டது. முதலில் 7ஆம் தேதி என்று இருந்ததை, ஜெயலலிதா அம்மையார் காலமானதால் தள்ளிவைத்தார்கள். கட்டும்போதே தமிழ்நாட்டு மீனவர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை என்ற மனத்தாங்கல் இங்கே இருந்தது, அது நியாயமும்கூட, ஏனென்றால் தலைமுறை தலைமுறையாக அந்தப் பீடத்துக்கு நேர்ச்சை கொண்டுபோனவர்கள் இவர்கள். அதே சமயம் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆளில்லாத தீவுக்குச் சிமெண்டும் கம்பியும் மட்டுமில்லை, சிமெண்டைக் குழைக்கும் நல்ல தண்ணீரையும் படகில்தான் கொண்டுபோக வேண்டும். அதற்குக் கப்பலும் ஆளும் கையில் இருப்பவர்களால்தான் முடியும்.

பராமரிப்பு என்று வந்தால் அங்கே முதல் எதிரி காற்றுதான். கடலோரத்தில் கான்கிரீட் வீடு கட்டியவர்களுக்குத் தெரியும். உப்பு மெதுவாக உள்ளே இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும், துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும், இடம் பத்தாமல் மேல்பூச்சைப் பிளந்துகொண்டு வெளியே வரும். வெளியே மயிரிழை விரிசல் தெரியும்போதே உள்ளே வேலை நடந்துகொண்டிருக்கும். இதற்கு மருந்து விரிசலை உடனுக்குடன் அடைப்பதும், பூச்சு உரிவதற்கு முன் மறுபடி அடிப்பதும்தான். ஊர்க் கோயிலில் இதை உபயமாக எடுத்துச் செய்ய நாலு குடும்பம் இருக்கும், மழைக்குப் பிறகு ஓட்டைப் பார்க்க ஒரு கோயில்பிள்ளை இருப்பார். இங்கே பங்கு மக்கள் என்று ஒருவர்கூட இல்லை. நிர்வாகம் யாழ்ப்பாண மறைமாவட்டம், பக்கத்தில் ஆட்கள் வாழும் தீவு என்றால் நெடுந்தீவு, அங்கிருந்தும் ஒரு கடல் பயணம். கொடிமரத்தடியில் கட்டியிருந்த ஒரு புது இரும்புக் கொக்கியைத் தொட்டுப் பார்த்தேன், விரலில் காவி ஒட்டியது. அந்தக் காற்றில் புதுசு என்பதற்கு ஆயுசு அவ்வளவுதான் போல.

திருவிழாவுக்கு வந்தவர்களுக்குச் சாப்பாடு, தண்ணீர், தற்காலிகக் கழிப்பறை, ஜெனரேட்டர் விளக்கு எல்லாம் கடற்படை ஏற்பாடு. சோறும் குழம்பும் சூடாக இருந்தது, வரிசை நீளம், ஆனால் நகர்ந்தது. இந்த விஷயத்தில் நல்ல மதிப்பெண் தருவேன். தூங்குவது வெட்டவெளியில், விரிப்பு நம்முடையது. கூட வந்த பக்த கோடிகளுக்குத்தான் பூஜ்ஜியம்: சாப்பிட்ட தட்டை அப்படியே புதரில் வீசுகிறார்கள், தண்ணீர்ப் பாட்டில்கள் காலையில் அலையோரம் மிதக்கின்றன. குப்பை வண்டி வராத ஊர் அது என்று யாருக்கும் உறைப்பதில்லை. நேர்ச்சை வைக்கக் கடல் தாண்டி வருபவர்கள் காலிப் பாட்டிலைத் திருப்பி எடுத்துப்போக என்ன கஷ்டம்?

இத்தனைக்கும் நடுவில் போய்ப் பார்க்கத் தகுந்தது எது என்றால், கூட்டம்தான். யாழ்ப்பாணப் பக்கத்துக் குறிகட்டுவானிலிருந்து வந்த ஒரு அம்மா என் பக்கத்தில் பாயை விரித்து, "தம்பி, எங்கயிருந்து வாறியள்?" என்று கேட்டார். சொன்னதும், மண்டபம் அகதிகள் முகாமில் தன் சொந்தக்காரர்கள் இருந்ததையும், அவர்களை இதே மணலில் வைத்துப் பல வருடம் கழித்துப் பார்த்ததையும் சொல்ல ஆரம்பித்துவிட்டார். நான் கேட்காமலே ஒரு ராணி சந்தனச் சோப்பைக் கையில் திணித்தார். போருக்கு முன்னால் இந்தத் திருவிழாவில் நம் ஆட்கள் துணிமணி கொடுத்து அங்கிருந்து சோப்பும் தேங்காய் எண்ணெயும் வாங்கிவருவார்கள் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன், அந்தப் பழக்கத்தின் மிச்சம் என்று நினைத்துக்கொண்டேன். பதிலுக்குக் கொடுக்க என்னிடம் வேர்க்கடலை மிட்டாய்தான் இருந்தது. சிலுவைப் பாதையில் ஒரு நிலையை அவர்கள் தமிழில் வாசிக்க, அடுத்ததை நம் ஆட்கள் வாசிக்க, பாட்டு மட்டும் ஒரே ராகத்தில் சேர்ந்து வந்தது. இதற்கு எவ்வளவு வேண்டுமானாலும் மதிப்பெண் போடலாம்.

வசதியை எதிர்பார்த்தால் போகாதீர்கள். சுற்றுலா என்று நினைத்தும் போகாதீர்கள், சுற்றிப் பார்க்க அங்கே எதுவும் இல்லை, கோயில் வளாகத்தை விட்டு விலகவும் விடமாட்டார்கள். போகிறவர்கள் தைமாதமே வேர்க்கோட்டில் விசாரித்துவிடுங்கள், அறிவிப்பு வந்தபிறகு நாட்கள் ஓடிவிடும். கனமான போர்வை, வாந்திக்கு மாத்திரை, தொப்பி, டார்ச், ஒரு சாக்குப்பை. சாக்குப்பை குப்பைக்கு. படகில் ஏறியதும் கயிறு சரியாகக் கட்டியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு உட்காருங்கள்.