ராமநாதபுரம் கடற்கரைக்கு 77 மி.மீ. போலரைசர்: எங்கே உதவும், எங்கே கெடுக்கும்

பாம்பனிலிருந்து வாலிநோக்கம் வரை படமெடுக்கப் போகிறவர் பையில் போலரைசர் ஃபில்டர் (லென்ஸின் முன் மாட்டி, வளையத்தைத் திருப்பிப் பளபளப்பைக் குறைக்கும் கண்ணாடி) அவசியம் இருக்கட்டும். ஆனால் லென்ஸிலேயே நிரந்தரமாக மாட்டி வைக்கும் பொருள் அல்ல அது.

கொடுத்த காசு ஆழம் குறைந்த தண்ணீரில் திரும்பிவிடும். நீர்ப்பரப்புக்கு 37 டிகிரி சாய்வில் பார்த்தால் பளபளப்பு ஏறக்குறைய முழுதும் விலகி, அடியிலுள்ள கடற்புல்லும் மணல்வரியும் தெரியும். கரையேறும் பெண்களின் கையிலிருக்கும் ஈரப்பாசியும் வெள்ளையாக மினுங்காமல் தன் நிறத்திலேயே விழும்.

வானம் கருக்க, சூரியனுக்குச் செங்குத்தாகத் திரும்ப வேண்டும். தனுஷ்கோடியில் காலை வேளையில் வடகடல் பக்கமோ தென்கடல் பக்கமோ பார்த்தால் நீலம் ஏறும். உதிக்கும் சூரியனை நோக்கினால் ஒன்றும் மாறாது, வெளிச்சம்தான் வீண். 24 மி.மீ.க்குக் கீழான அகல லென்ஸில் வானத்தின் நடுவே கருந்திட்டு விழுந்து படம் கெடும். வாலிநோக்கம் உப்பளத்தில் வளையத்தை முழுசாகத் திருப்பினால் பாத்தியில் விழுந்த வானம் மறைந்து சேற்று நிறம் மிஞ்சும். பாதித் திருப்பல் போதும்.

ஒன்று முதல் இரண்டு ஸ்டாப் வெளிச்சம் குறையும் (ஒரு ஸ்டாப் என்றால் பாதியாகும்). வீச்சுவலை விரிவதை 1/1000 நொடியில் உறையவைக்க, ஒளியுணர்திறனான ஐஎஸ்ஓ-வை 200-இலிருந்து 400 முதல் 800 வரை ஏற்ற வேண்டும்.

பலரும் கவனிக்காத ஒன்று: ஒரே இடத்தை ஆண்டுதோறும் எடுத்து மாற்றத்தைப் பதிவு செய்பவர்கள் இதைக் கழற்றிவிட வேண்டும். இலையின் மினுமினுப்பு போனதும் சீமைக்கருவேலம் அடர்பச்சையாகிவிடும். 1964 புயலில் இடிந்த தனுஷ்கோடி தேவாலயத்தைச் சுற்றிப் புதர் மண்டியதா, வளையம் திரும்பியதா என்று பிறகு யார் சொல்வது? கழற்ற மனமில்லையென்றால், ஃபில்டரோடு ஒன்று, இல்லாமல் ஒன்று என இரண்டு எடுங்கள்.

அலுமினிய வளையம்தான் பெரிய குறை. கச்சான் எனும் தென்மேற்குக் காற்று அடிக்கும் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்கடல் தூவும் உப்புத்துளி வளைய இடுக்கில் காய்ந்து, மணலோடு சேர்ந்து இறுகிவிடும். பித்தளை வளையம் இவ்வளவு சிக்காது, விலைதான் கூடுதல். கண்ணாடியை உலர்ந்த துணியால் துடைத்தால் உப்பும் மணலும் பூச்சைக் கீறிவிடும். அன்றன்றே கழற்றி, நல்ல தண்ணீரில் ஃபில்டரை மட்டும் அலசி, ஒற்றி எடுத்து, நிழலில் காயவிட்ட பிறகே டப்பாவில் வையுங்கள்.

லென்ஸோடு இறுகிப்போனால் இடுக்கியை எடுக்காதீர்கள். அகலமான ரப்பர் பேண்டை முன்வளையத்தில் அல்லாமல் லென்ஸை ஒட்டிய அடிவளையத்தில் சுற்றி, நான்கு பக்கமும் சமமாகப் பிடித்துத் திருப்புங்கள். ஒரே பக்கமாக நெரித்தால் வளையம் கோணி, இன்னும் இறுகும்.